ரப்டர்: மாயமல்ல, கேத்திர கணிதம்

ஸ்டெல்த் என்ற ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எப்படி எழுதுவது என்பது, வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தில் பணியாற்றிய எங்களுக்கு நீண்ட காலத் தலையிடி. பக்கம் முடிக்கும் நேரம் நெருங்கியதும் யாராவது 'மாய விமானம்' என்று தலைப்புப் போட்டுவிடுவார்கள். எனக்கு அந்தச் சொல் எப்போதும் உறுத்தலாகவே இருந்தது. அமெரிக்காவின் எப்-22 ரப்டர் போர் விமானத்தில் மாயம் எதுவுமில்லை. இருப்பது கேத்திர கணிதம்.

ராடர் அனுப்பும் அலை விமானத்தில் பட்டுத் திரும்பி வந்தால்தான் அதனைக் காண முடியும். எனவே, அலையை வந்த வழியே திருப்பி அனுப்பாத உடலமைப்பு வேண்டும். ரப்டரின் இறக்கை, வால் ஆகியவற்றின் விளிம்புகள் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக அமைந்திருப்பதால், பட்ட அலைகள் ஒருசில திசைகளில் மட்டுமே தெறித்துச் செல்கின்றன. இயந்திரத்தின் சுழலும் தகடுகள் அலையைப் பலமாகத் திருப்பும் என்பதால், காற்று உட்செல்லும் பாதையை வளைத்து அவற்றை மறைத்திருக்கிறார்கள். ஏவுகணைகள் வெளியே தொங்குவதில்லை, வயிற்றுக்குள் அடங்கியிருக்கின்றன.

இத்தகைய விமானங்களுக்கு வழிவகுத்த கணிதத்தை எழுதியவர் ஒரு சோவியத் விஞ்ஞானி என்பதுதான் வேடிக்கை. பியோத்தர் உஃபிம்ட்செவ்வின் நூல் 1962இல் மொஸ்கோவில் பகிரங்கமாகவே வெளியானது. அமெரிக்கர்கள் அதை மொழிபெயர்த்துப் படித்து, ரப்டருக்கு முன்னோடியான எப்-117ஐ உருவாக்கினார்கள். மொழிபெயர்ப்பாளனுக்கு மதிப்பில்லை என்று குறைப்படும் என் போன்றோர் இதை நினைத்து ஆறுதலடையலாம்!

ஆனால் இந்தக் கணிதத்துக்கும் எல்லையுண்டு. திரும்பும் அலையைப் பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்தாலும், ராடர் அந்த விமானத்தைக் கண்டுபிடிக்கும் தூரம் பத்தில் ஒன்றாகவே குறையும். அருகே வந்தால் அகப்பட்டே தீரும். அலைநீளம் கூடிய பழைய ராடர்களிடம் இந்த வித்தை அவ்வளவாகப் பலிப்பதுமில்லை. 1999 மார்ச் 27ஆம் திகதி சேர்பியாவில், சோல்டான் டானி என்பவரின் படைப்பிரிவு பழைய சோவியத் ஏவுகணையைக் கொண்டே ஓர் எப்-117ஐ வீழ்த்தியது.

ரப்டரில் என்னை அதிகம் உறுத்துவது அதன் வேகம். மேலதிக எரிபொருளைக் கொட்டி எரிக்காமலே, ஒலியைவிட ஒன்றரை மடங்கு வேகத்தில் அது தொடர்ந்து பறக்கும். வடக்கில் கிபிர் விமானங்கள் குண்டு வீசிய காலத்தில் எங்கள் சனங்களுக்குக் காதுதான் ராடர். இரைச்சல் கேட்டதும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள் பாய்ந்தார்கள். ஒலியை முந்திப் பறக்கும் விமானத்தின் இரைச்சலோ, அது தலைக்கு மேலால் கடந்துபோன பின்னரே கேட்கும்.

முதலில் 750 ரப்டர்களைக் கட்டவே திட்டமிட்டார்கள். செலவு தாங்காமல் 187 போர் விமானங்களுடன் நிறுத்திக்கொண்டார்கள். நேச நாடுகளுக்குக்கூட அதை விற்கக் கூடாது என்று அமெரிக்கக் காங்கிரஸ் தடை விதித்தது. 2005இல் சேவைக்கு வந்த இவ்விமானம் வானில் முதன்முதலாக ஒன்றைச் சுட்டு வீழ்த்தியது 2023 பெப்ரவரி 4ஆம் திகதி, தென் கரோலினாக் கரைக்கு அப்பால். வீழ்ந்தது சீனாவின் பலூன். அதை நெருங்குவதற்கு ஒளிந்து பறக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.