கூடி வாழும் வீடுகள்

நுழையுமுன்

'கூடி வாழ்ந்தால் கோடி நன்மை' என்பது நம் பழமொழி. வீடுகள் அடுத்தடுத்து அமைந்தால் மட்டும் அந்நன்மை வந்துவிடுமா? பாலக்காட்டின் ஒரு தெரு, மூணாற்றின் தேயிலைத் தோட்டம், டென்மார்க்கின் ஒரு குடியிருப்பு ஆகிய மூன்றின் வழியாக இக்கேள்விக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

கல்பாத்தித் தெரு

பாலக்காட்டிலும் இடுக்கியிலும் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. சிலருடைய முன்னோர் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்தனர். சிலருடைய முன்னோர் போடிமெட்டு மலைப்பாதையில் ஏறி வந்தனர். வந்த வழியும் செய்த தொழிலும் வேறு வேறு. ஆயினும் அவர்களுள் பலர், ஒரு வீட்டின் சுவரே அடுத்த வீட்டுக்கும் சுவராக விளங்கும் வரிசை வீடுகளில் குடியிருந்தனர்.

பாலக்காடு நகரில், கல்பாத்தி ஆற்றங்கரையில் அமைந்தது கல்பாத்தி அக்கிரகாரம். சோழநாட்டுப் பகுதிகளிலிருந்து வந்து குடியேறியவர்களின் ஊர் அது. 'காசியில் பாதி கல்பாத்தி' என்று அதனைப் புகழ்வர். அங்குச் செல்பவர் முதலில் காண்பது எதிரெதிரே நீளும் இரு வீட்டு வரிசைகளை. அடுத்துக் காண்பது திண்ணைகளை. திண்ணை வீட்டுக்கும் உரியது, தெருவுக்கும் உரியது. அங்கு அமர்ந்திருக்கும் பாட்டி, தெருவில் ஓடும் எல்லாப் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வார். அதற்கென அவர் எழுந்து செல்ல வேண்டியதில்லை. தனிமை வேண்டுபவர் உள்ளே கூடத்திற்குச் செல்லலாம். பேச்சுத்துணை வேண்டுபவர் திண்ணைக்கு வரலாம். இரண்டுக்கும் இடம் தந்ததே அவ்வீட்டின் சிறப்பு. ஐப்பசி மாதத் தேர்த்திருவிழாவின்போது, வெளியூர்களில் வாழும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் இத்தெருவுக்குத் திரும்பி வருகின்றனர்.

எனினும் அத்தெரு எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. பாலக்காடு அக்காலத்தில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. பொதுத்தெருவில் எச்சாதியினரும் நடக்கத் தடையில்லை என்னும் தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் 1924ஆம் ஆண்டு சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார், அது நிறைவேறியது. அதே ஆண்டுத் தேர்த்திருவிழாவின்போது கல்பாத்தித் தெருவில் நடக்க முற்பட்ட ஈழவர்கள் தடுக்கப்பட்டனர். உள்ளே இருந்தவர்களுக்கு உறவாக விளங்கிய தெரு, வெளியே நின்றவர்களுக்கு மதிலாக விளங்கியது. இன்று அத்தெருவில் எவரும் நடக்கலாம். அந்த உரிமை கேட்டுப் பெறப்பட்டது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

மலையின் லயங்கள்

மூணாற்று மலைகளை 1877ஆம் ஆண்டு ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் பூஞ்ஞாற்று அரசரிடமிருந்து குத்தகைக்குப் பெற்றார். பின்னர் அங்குத் தேயிலைத் தோட்டங்கள் எழுந்தன. கங்காணிகள் திருநெல்வேலி முதலிய தமிழ்ப் பகுதிகளிலிருந்து தொழிலாளரை அழைத்து வந்தனர். அவர்களுக்காகக் கட்டப்பட்ட வரிசை வீடுகளே லயங்கள். சிறிய அறை, சமையலிடம், முன்புறம் ஒரு தாழ்வாரம். ஒரு குடும்பத்தின் உலகம் அவ்வளவே.

இடம் சிறிதாயினும் லயத்து உறவு பெரிது. கொழுந்து பறிக்கச் சென்ற தாய் திரும்பத் தாமதமானால், பக்கத்து வீட்டு அத்தை பிள்ளைக்குச் சோறூட்டுவார். ஒரு வீட்டில் துக்கம் நேர்ந்தால் வரிசை முழுவதும் அடுப்பு மூட்டாது. அவ்வாறு கூடி வாழ்ந்த பெண்களின் வலிமையை 2015ஆம் ஆண்டு நாடு கண்டது. 20 விழுக்காட்டு போனஸ் குறைக்கப்பட்டதை எதிர்த்து ஆயிரக்கணக்கான பெண் தொழிலாளர்கள் மூணாற்றுச் சாலையில் அமர்ந்தனர். 'பெண்கள் ஒற்றுமை' எனப் பொருள்படும் 'பெம்பிளை ஒருமை' என்பது அவ்வியக்கத்தின் பெயர். தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கித் தாமே முன்னின்று போராடிய அவர்கள், 20 விழுக்காட்டை மீட்டனர்.

ஆனால் லயம் தொழிலாளருக்குச் சொந்தமன்று. வேலை உள்ளவரை வீடு. குடும்பத்தில் எவருக்கும் தோட்டத்தில் வேலை இல்லையென்றால் காலி செய்ய வேண்டும். வீடு எங்கே அமைய வேண்டும் என்று அதில் வாழ்பவர்களை எவரும் கேட்டதில்லை. 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, பெருமழையில் பெட்டிமுடி மலை சரிந்து லயங்களை மூடியது. 70 உயிர்கள் மறைந்தன. அவர்களுள் பலர் கயத்தாற்றுப் பகுதியை வேராகக் கொண்ட குடும்பத்தினர், ஒருவருக்கொருவர் உறவினர். பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்தவர்கள் ஒரே இரவில் மறைந்தனர்.

நூறு பெற்றோர்

தொலைவில் உள்ள டென்மார்க்கு நாட்டில் இதற்கு நேர்மாறான ஒரு முயற்சி நிகழ்ந்தது. அங்கே வீடுகள் தனித்தனியாக இருந்தன. மனிதர்களும் தனித்தனியாக இருந்தனர். யான் குட்மண்ட் ஹோயர் என்னும் கட்டடக்கலைஞர் 1964ஆம் ஆண்டு நண்பர்களுடன் கூடி, பொது வீடு ஒன்றைச் சூழ்ந்த குடியிருப்பைத் திட்டமிட்டார். அக்கம்பக்கத்தார் எதிர்த்ததால் அத்திட்டம் நின்றது. 1967இல் போடில் கிராயெ என்னும் பெண்மணி, 'குழந்தைகளுக்கு நூறு பெற்றோர் வேண்டும்' என்னும் கருத்தை நாளிதழில் கட்டுரையாக எழுதினார். அதனைப் படித்த குடும்பங்கள் ஒன்றுசேர்ந்தன. 1972இல் 27 வீடுகள் கொண்ட சேட்டடாமன் குடியிருப்பு உருவாயிற்று. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி வீடு, தனிச் சமையலறை. அவற்றோடு எல்லாருக்கும் ஒரு பொது வீடு. இத்தகைய குடியிருப்புகளில் முறைவைத்துச் சமைத்துப் பலரும் சேர்ந்து உண்பர். பொதுச் செய்திகளைக் கூட்டத்தில் பேசி முடிவு செய்வர்.

அமெரிக்கக் கட்டடக்கலைஞர்களான காத்ரின் மெக்கமண்ட்டும் சார்லஸ் துரெட்டும் டென்மார்க்கின் குடியிருப்புகளுக்கு நேரில் சென்று, மக்களோடு பழகி, தாம் கற்றவற்றை 1988இல் நூலாக்கினர். கலிபோர்னியாவின் டேவிஸ் நகரில் 1991இல் இவ்வகைக் குடியிருப்பு ஒன்று எழுந்தது. புதிதாகக் கட்ட விரும்புவோர், முன்பே நிலைபெற்றவற்றைப் பார்த்துக் கற்பது இன்றும் வழக்கமாக உள்ளது.

மூன்று பாடங்கள்

கல்பாத்திக்கும் பெட்டிமுடிக்கும் டென்மார்க்குக்கும் ஒருவர் சென்று திரும்பினால் மூன்று செய்திகளைக் கற்றிருப்பார். முதலாவது, கூடுவதற்கு இடம் வேண்டும். அது திண்ணையாகவும் இருக்கலாம், பொது வீடாகவும் இருக்கலாம். இரண்டாவது, வாழ்பவருக்கு உரிமையும் வாக்கும் வேண்டும். லயத்தில் அன்பு நிறைந்திருந்தது, இவை இல்லை. மூன்றாவது, வாசல் எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும். இம்மூன்றாவதை மனத்திற்கொண்டே தமிழ்நாட்டு அரசு பெரியார் நினைவு சமத்துவபுரங்களை அமைத்தது. அவற்றுள் முதலாவது 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் திறக்கப்பட்டது. அங்கு வெவ்வேறு சாதியைச் சேர்ந்த 100 குடும்பங்கள் அடுத்தடுத்த வீடுகளில் குடியேறின.

மாணவர்களே! நீங்கள் அரசு ஊழியர் குடியிருப்பிலோ அடுக்ககத்திலோ லயத்திலோ வாழலாம். இன்று மாலை வீடு திரும்பும்போது உங்கள் குடியிருப்பை ஒரு விருந்தினரைப் போலப் பாருங்கள். அங்கே திண்ணை எது? முடிவெடுப்பவர் யார்? உள்ளே வர இயலாமல் நிற்பவர் எவரேனும் உண்டா?

சொற்பொருள்

லயம் – தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு
கங்காணி – தோட்டத்துக்கு ஆள் சேர்த்து மேற்பார்ப்பவர்
விழுக்காடு – சதவீதம்

சிந்தித்து எழுதுக

1. திண்ணையும் பொது வீடும் எவ்வகையில் ஒத்துள்ளன?
2. 'லயத்தில் அன்பு நிறைந்திருந்தது, இவை இல்லை' – விளக்குக.
3. உங்கள் வீட்டுப் பெரியவரிடம் அவர் சிறுவயதில் வாழ்ந்த தெருவைப் பற்றிக் கேட்டு, பத்து வரிகளில் எழுதுக.