உம்மாவுக்கு பிஸ்னஸ் கிளாஸ் கிடைச்ச கதை



உம்ரா போய் வந்த நாளிலிருந்து இன்பொக்ஸில் ஒரே கேள்விதான். "ஸேர், உம்மாவுக்கு ப்ளைட்ல சும்மா பிஸ்னஸ் கிளாஸ் குடுத்தாங்களாமே, எப்படி?" ஆளாளுக்குப் பதில் எழுத ஏலாது. இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

சும்மா குடுக்கவில்லை.

முதல் தடவை உம்மாவை குரூப்போடு கூட்டிப் போனேன். திரும்பி வரும்போது நடு சீட். இரவு முழுக்க முழங்காலைப் பிடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் ஸலவாத்து ஓதிக்கொண்டே வந்தா. கட்டுநாயக்கவில் எழும்பவே ஏலாமல் போய்விட்டது. அன்றைக்கு கவுண்டரில் கெஞ்சியும் பார்த்திருந்தேன். குரூப் டிக்கட்டை பெரும்பாலும் மாற்றித் தரமாட்டார்கள் என்பது பிறகுதான் தெரியும். நல்லா உடுத்திப் போனால், சிரித்துப் பேசினால் தூக்கி முன்னுக்குப் போடுவார்கள் என்பதெல்லாம் பழைய கதை. எக்கொனமியில் இடத்துக்கு மேல் டிக்கட் விற்றுவிட்டு ஆட்களை முன்னுக்கு மாற்றுவது உண்டுதான். ஆனால் அந்த இடம் அடிக்கடி பறந்து கார்ட் வைத்திருப்பவர்களுக்குத்தான் முதலில் போகும். வாத்தியாருக்கு எங்கே வரப்போகிறது?

இந்த முறை டிக்கட்டை நானே போட்டேன். இப்போது நிறைய எயார்லைன்களில் ஏலம் மாதிரி ஒரு முறை இருக்கிறது. பயணத்துக்குச் சில நாள் முன்னால், மிச்சம் கிடக்கிற பிஸ்னஸ் சீட்டுக்கு எவ்வளவு தருவீர்கள் என்று ஈமெயில் வரும். குறைந்த தொகை ஒன்று போட்டிருப்பார்கள், அதற்கு மேல் நாம் கேட்கலாம். ஏற்றுக்கொண்டால் மட்டும்தான் கார்டில் காசு வெட்டுப்படும். வெட்டுப்பட்டால் திரும்பி வராது.

ஒரு விசயத்தைக் கவனியுங்கள். ஒரே புக்கிங்கில் இரண்டு பேர் இருந்தால் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் ஏலம். அதனால் உம்மாவின் டிக்கட்டைத் தனியாகப் போட்டேன். ஜித்தாவிலிருந்து வரும் சின்னப் பயணத்தை விட்டுவிட்டு, வளைகுடாவிலிருந்து கொழும்புக்கு வரும் நாலு மணித்தியாலத்துக்கு மட்டும் கேட்டேன். முழு டிக்கட் விலையோடு பார்த்தால் சின்னத் தொகைதான். எனக்கு அது இரண்டு மாச டியூஷன் காசு. வீல்செயாருக்கு மட்டும் காசில்லை, முன்கூட்டியே சொல்லி வைத்தால் போதும்.

கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ். உம்மாதான் மாட்டேன் என்றா.

"எவ்வளவு மகன்? வீண் விரயம் ஹராம் இல்லையா?"

"சும்மா கிடைச்சது உம்மா."

உம்ரா முடித்து மூன்று நாள் ஆகவில்லை. பிள்ளைகளுக்கு பொய் பேசாதே என்று பாடம் நடத்துகிற வாய். தனியே இருக்க மாட்டேன் என்று கையையும் விடவில்லை. பணிப்பெண் வந்து சைகையாலேயே பேசிக் கூட்டிப் போனா.

ஒரு மணித்தியாலம் கழித்து திரைக்குப் பக்கத்தில் போய் எட்டிப் பார்த்தேன். போர்வையை மூடி, காலை நீட்டி, வாய் திறந்து தூக்கம். அந்த போட்டோதான் நீங்கள் பார்த்தது.

இப்போது உம்மா தெரு முழுக்க அந்த எயார்லைன்காரருக்கு துஆ கேட்டுக்கொண்டிருக்கிறா. "கேட்டா சும்மா தருவாங்க" என்று உம்ரா போகிற எல்லாருக்கும் சொல்லியும் விடுகிறா.

உம்மா பேஸ்புக்கில் இல்லை. ராத்தா இருக்கிறா. ராத்தா, வாசித்தால் தயவுசெய்து வாயைத் திறக்க வேண்டாம்.