எதைச் சுட்டீர்கள்?

செப்டம்பர் தொடக்கத்தில் குடகில் கைல்போத் வரும். கொடவர்கள் துப்பாக்கியையும் கத்தியையும் பூஜையில் வைத்துக் கும்பிட்டு, தேங்காயைக் குறிபார்த்துச் சுடும் திருநாள். ஆயுதச் சட்டத்தின் உரிமக் கட்டாயத்திலிருந்து அவர்களுக்கு விலக்கு உண்டு என்பதால் பல வீடுகளில் துப்பாக்கி இருக்கிறது. விழாவுக்கு முன், மழை விடாத ஒரு நாளில், மடிக்கேரிப் பக்கம் துப்பாக்கி பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். தந்தையும் மகனும் வேலை செய்யும் சின்ன இடம்.

எது வந்தாலும் பெரியவர் முதலில் உள்ளே தோட்டா இல்லையென்று உறுதிசெய்கிறார். வாய்வழியே மருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கி என்றால் குழலுக்குள் கம்பியை விட்டு ஆழம் பார்க்கிறார். கம்பி அடிவரை இறங்காவிட்டால் மருந்து கிடக்கிறது என்று அர்த்தம். அடுத்து உரிமையாளரிடம் ஒரே கேள்வி: “எதைச் சுட்டீங்க?” எந்தத் திரவத்தை எடுப்பது என்பதை அந்தப் பதில்தான் முடிவு செய்கிறது.

கரிமருந்து என்றால் வெந்நீர். அது எரிந்தபின் பாதிக்குமேல் திடக்கழிவாகத் தங்கிவிடும். பெரும்பகுதி பொட்டாசிய உப்புகள். நீரில் கரையும், எண்ணெயில் கரையாது. அதன்மேல் பெட்ரோலிய எண்ணெய் விட்டால் தார்போல் இறுகும். சோப்புத் தண்ணீர் ஊற்றி, வெந்நீரில் அலசினால் குழல் சூடேறிச் சீக்கிரம் உலர்ந்துவிடும். அதன்பிறகுதான் எண்ணெய். பழைய ராணுவத் தோட்டாக்களின் கதையும் இதுவே. அவற்றின் பற்றவைப்பு மருந்திலிருந்த பொட்டாசியம் குளோரேட், குளோரைடு உப்பாகிக் காற்றின் ஈரத்தை இழுக்கும். லீ-என்ஃபீல்டு ரைபிள் வைத்திருந்த சிப்பாய்கள் புனல் வைத்துக் கொதிநீர் ஊற்றியது அதனால்தான்.

பாயின்ட் 22 ரைபிளில் படிவது ஈயம். செம்பைக் கரைக்கும் அம்மோனியா அதைத் தொடாது. ஹாப்பீஸ் 9 மாதிரியான கரைப்பானில் ஊறவிட்டு, வெண்கல பிரஷ்ஷால் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். இயன்றவரை பின்பக்கத்திலிருந்தே கம்பியை விடுகிறார்கள். வாய் விளிம்பு தேய்ந்தால் குறி தப்பும்.

செம்பு உறையிட்ட குண்டு சுடும் பெரிய ரைபிளுக்கு மட்டும் அம்மோனியா கலந்த புட்டி வெளியே வருகிறது. துணி நீலமாக வந்தால் செம்பு கரைகிறது. ஆனால் வெண்கல பிரஷ்ஷையும் அது கரைத்து அதே நீலத்தைக் காட்டும். அதனால் இங்கே நைலான் பிரஷ். புட்டியில் எழுதிய நேரத்துக்குமேல் குழலில் விட்டுவைத்தால் உருக்குக்கும் கேடு.

வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்தால் ஈயம் நொடியில் போகுமாமே என்று மகன் கேட்டார். பெரியவர் கூடவே கூடாது என்றார். அவர் சொன்னது சரி. கரையும் ஈயம் ஈய அசிட்டேட்டாக மாறும், அது நஞ்சு.

அந்த அறைக்கு ஒரே ஜன்னல். மழைக்காக அதையும் சாத்தியிருந்தார்கள். இருவர் கையிலும் உறை இல்லை. அம்மோனியா நெடியில் எனக்குக் கண் எரிந்தது. இவ்வளவு நுணுக்கமாக வேலை தெரிந்தவர்களின் நுரையீரல் இப்படி வீணாகக் கூடாது. துப்பாக்கி வைத்திருப்பவர்களே, பட்டறைக்குப் போகும்போது என்ன தோட்டா சுட்டீர்கள் என்று சரியாகச் சொல்லுங்கள். போகிறபோது இரண்டு ஜோடி கையுறையும் வாங்கிப் போங்கள். மழை பெய்தாலும் அந்த ஜன்னலைத் திறந்துவைக்கச் சொல்லுங்கள்.