மருதனார்மடம்: சந்தையும் சங்கீதமும்
யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை வீதியால் வடக்கே போனால், இணுவிலைத் தாண்டியதும் மருதனார்மடம் சந்தி. வலிகாமத்துச் செம்மண் விளைச்சலுக்கு இங்குள்ள சந்தை பெரிய ஆதாரம். விடியற்புறத்திலேயே கத்தரி, வெங்காயம், கீரைப்பிடிகள் வந்து இறங்கும். கீரை வேரில் தோட்டத்து ஈரமண் அப்படியே ஒட்டியிருக்கும். 2020 டிசெம்பரில் கொரோனாத் தொற்றால் சந்தை மூடப்பட்டபோது, அதை நம்பியிருந்த தோட்டக்காரர் பட்ட பாடு சொல்லி மாளாது.

சந்தைக்கு அருகிலேயே கல்வியும் கலையும். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் நிறுவிய மகளிர் கல்லூரி இன்றும் இயங்குகிறது. அவருடைய சமாதியும் அங்கேதான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இசை, நடனப் படிப்பு வளர்ந்ததும் இம்மண்ணிலேயே. தம்பூராச் சுருதியும் சந்தை இரைச்சலும் அருகருகே கேட்கும் ஊர் அரிது.

பொழுதாறக் கோயில்தான். சனிக்கிழமைகளில் ஆஞ்சநேயர் கோயிலில் குடும்பம் குடும்பமாகச் சனம் கூடும்.