டைக்கோ பக்கத்தில் ஒரு கடைசி சான்ஸ்

பௌர்ணமி அன்னைக்கு நிலாவோட தெற்குப் பக்கம் பாருங்க. வெள்ளையா ஒரு புள்ளி, அதிலிருந்து நாலாபக்கமும் கோடுகள் தெறிச்சுப் போகும். பைனாகுலர் இருந்தா இன்னும் தெளிவா தெரியும். அதுதான் டைக்கோ. விண்கல் மோதி உண்டான பள்ளம். அகலம் 85 கிலோமீட்டர், ஆழம் கிட்டத்தட்ட 4.8 கிலோமீட்டர்.

நடுவுல சுமார் 2 கிலோமீட்டர் உயரத்துக்கு ஒரு மலை. பக்கெட் தண்ணியில சொட்டு விழுந்தா நடுவுல தண்ணி எகிறும் இல்லையா? அதே மாதிரிதான். இங்கே எகிறினது பாறை. எகிறினபடியே நின்னுடுச்சு. இது நடந்து சுமார் 10.8 கோடி வருஷம் ஆச்சு. நிலாவோட கணக்குல அது நேத்து மாதிரி. அதனாலதான் கோடுகள் இன்னும் மங்கலை.

எனக்குப் பிடிச்சது அங்கே போன விண்கலத்தோட கதை. நாசாவின் சர்வேயர் வரிசையில 1, 3, 5, 6 நாலும் பத்திரமா இறங்கி, அப்பல்லோவுக்கு இடம் பார்த்துக் கொடுத்தன. அந்த வேலை முடிஞ்சதும், கடைசியா இருந்த சர்வேயர் 7-ஐ அறிவியலுக்காகவே டைக்கோவோட வடக்கு விளிம்புக்கு வெளியே, பாறைகள் சிதறிக் கிடக்கிற மேட்டுல இறக்கினாங்க. 1968 ஜனவரி. பத்திரமா இறங்கிடுச்சு.

நமக்கும் இது கடைசி செமஸ்டர். என் கையில ஆஃபர் லெட்டர் இருக்கு. "ரெடிமேட் ப்ராஜெக்ட் வாங்கிடு மச்சி"ன்னு நண்பர்கள் சொல்றாங்க. நான் நிலாப் படங்கள்ல இருக்கிற பள்ளங்களைத் தானாவே எண்ணுற புரோகிராம் எழுதப் போறேன். பள்ளங்களை எண்ணினா ஒரு நிலப்பரப்போட வயசைக் கணிக்கலாம். புரோகிராம் ஓடாமலும் போகலாம், ரிவ்யூல திட்டும் விழலாம். பரவாயில்லை, பத்திரமான வேலை முடிஞ்சாச்சு. உங்ககிட்ட மிச்சமிருக்கிற அந்த ஒண்ணை எங்கே இறக்கப் போறீங்க?