அப்பா சொன்னதும் ஃபிளாப்பியில் இருந்ததும்

இந்த ஆடித்தபசுக்குப் பிள்ளைகள் வருகிறார்களே என்று பரணை ஒதுங்கவைத்தேன். ஒரு பிஸ்கட் டப்பா கிடைத்தது. உள்ளே ஏழு ஃபிளாப்பிகள். இரண்டின் மேல் என் கையெழுத்தில் 'அப்பா 2000' என்றிருந்தது.

அந்த வருஷம்தான் நாங்கள் கம்ப்யூட்டர் வாங்கினோம். விண்டோஸ் 98. பட்டாசாலையில் மேசை போட்டு, பூ வேலை செய்த துணியால் மூடி வைத்திருப்போம். மலேசியா முத்து நெடுமாறன் உருவாக்கிய 'முரசு அஞ்சல்' மென்பொருளை நண்பர் ஒருவர் போட்டுத் தந்தார். ஆங்கில எழுத்தில் 'அம்மா' என்று தட்டினால் திரையில் தமிழில் வரும். அப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அவர் சொல்லுவார், நான் தட்டுவேன். கைத்தறிக் காலம், விசைத்தறி வந்த கதை, ஆச்சியின் கல்யாணம். ஒருநாள் ஒரு பக்கம் முடியப்போகும்போது கரண்ட் போய்விட்டது. சேமிக்கவில்லை. "ஏலே, திரும்ப மொதல்ல இருந்தா?" என்றார். மறுநாள் சொன்னார். ஆனால் கதை வேறு மாதிரி இருந்தது!

2003-ல் அப்பா போய்விட்டார். அந்தக் கம்ப்யூட்டரும் பிறகு பழைய சாமான்காரரிடம் போனது.

பேரன் யுஎஸ்பியில் மாட்டும் ஃபிளாப்பி டிரைவ் ஒன்று வாங்கி வந்தான். ஒரு ஃபிளாப்பி பூஞ்சை பிடித்துத் திறக்கவே இல்லை. ஆச்சி கல்யாணம் அதில்தான். இன்னொன்று திறந்தது. ஆனால் திரை முழுக்க கொம்பும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள். எனக்கு நெஞ்சு அடைத்தது.

பேரன் விளக்கினான். அன்றைக்குத் தமிழுக்குத் தனி இடம் இல்லாமல், ஐரோப்பிய எழுத்துகளின் எண்களிலேயே நம் எழுத்துகளைக் குடிவைத்திருந்தார்கள். அதற்குப் பெயர் திஸ்கி. இன்றைய யூனிகோடில் தமிழுக்கென்று தனி எண்கள். மாற்றித் தரும் செயலி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஒட்டினான், ஒரு பொத்தானை அழுத்தினான். அப்பா பேசத் தொடங்கிவிட்டார்.

நடுவில் ஓரிடத்தில், "இத எழுதாதடே, அவன் பிள்ளைக சங்கடப்படும்" என்றிருந்தது. சொன்னதை அப்படியே தட்டியிருக்கிறேன். வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு எழுந்து கொல்லைக்குப் போய்விட்டேன்.

பதினோரு பக்கம். அச்செடுத்துத் தங்கச்சிக்கும் ஒரு பிரதி அனுப்பிவிட்டேன். ஆச்சி கல்யாணக் கதை அவளுக்குக் கொஞ்சம் ஞாபகம் இருக்கிறதாம். தபசுக்கு வரும்போது சொல்கிறேன் என்றாள்.

உங்கள் வீட்டிலும் பழைய ஃபிளாப்பி, சிடி ஏதும் கிடந்தால் இந்த வாரமே எடுத்துப் பாருங்கள்.