மொட்டை மாடி ரூம் வேண்டாம்

கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவர் போன் செய்தார். ஊரும் பேரும் சொல்ல மாட்டேன். யார் என்று நீங்களும் கமெண்டில் கேட்கக் கூடாது. அவருடைய மகனுக்கு 22 வயது. காலேஜ் இரண்டாம் வருஷத்தில் மனநோய் வந்து, ஆஸ்பத்திரியில் இருந்து, இப்போது மருந்து சாப்பிட்டுக்கொண்டு வீட்டில் இருக்கிறான். "டீச்சர், மொட்டை மாடியில ஷீட் போட்டு அவனுக்குன்னு ஒரு ரூம் கட்டிரலாம்னு இருக்கோம். பாத்ரூமும் சேர்த்து. அவனுக்கும் தொந்தரவு இருக்காது. கீழே பாப்பாவுக்கு வரன் பார்க்க ஆள் வந்து போகணும்ல" என்றார். அட்வான்ஸ் கொடுத்தாச்சா என்று கேட்டேன். இன்னும் இல்லை என்றார். மேஸ்திரியைப் பத்து நாள் பொறுக்கச் சொல்லுங்கள் என்றேன்.

அவரிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதே யோசனையில் இருக்கிற வேறு வீடுகளும் எனக்குத் தெரியும்.

முதலில் வெயில். சித்திரை, வைகாசியில் மதுரை மொட்டை மாடியில் வடகம் காய வைத்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மனநோய்க்குக் கொடுக்கிற மாத்திரைகளில் சில, உடம்பு சூட்டைத் தாங்கும் திறனைக் குறைத்துவிடும். வேர்வை சரியாக வராது. தாகம் எடுப்பதும் தெரியாமல் போகலாம். லித்தியம் சாப்பிடுகிறவர்களுக்கு உடம்பில் தண்ணீர் வற்றினால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி, அதுவே விஷமாகும். அப்படிப்பட்ட பிள்ளையைக் கொண்டுபோய் ஷீட்டுக்கு அடியில் படுக்க வைப்பதா? போதாக்குறைக்கு மாத்திரை மயக்கத்தில் பகலிலும் தூங்குவான். அந்த மாத்திரை அட்டையை எடுத்துப் படித்துப் பாருங்கள். 25 டிகிரிக்கு மேல் வைக்காதே, 30 டிகிரிக்கு மேல் வைக்காதே என்று போட்டிருக்கும். மாத்திரைக்கே ஆகாத சூடு அது.

இதைச் சொன்னதும் அவர், "அப்ப கான்கிரீட் போட்டு ஏசி வச்சிரலாம் டீச்சர்" என்றார். வசதி இருக்கிறவர். ஏசியால் தீராத பிரச்சினை ஒன்று அதில் இருக்கிறது.

ஆட்களை விட்டு ஒதுங்குவது இந்த நோயின் குணங்களில் ஒன்று. குளிக்கத் தோன்றாது, எழுந்திருக்கத் தோன்றாது, பேசத் தோன்றாது. சோம்பேறித்தனம் என்று அப்பா திட்டுவார், அது நோய். மாடியில் ரூமும் பாத்ரூமும் போட்டுவிட்டால் கீழே இறங்கி வர அவனுக்கு ஒரு காரணமும் மிச்சமிருக்காது. சாப்பாடு தட்டில் மேலே போகும். முதலில் அம்மா உள்ளே போய்க் கொடுப்பார். பிறகு மூட்டு வலி என்று படிக்கட்டிலேயே வைத்துவிட்டு வருவார். ஒதுங்கச் சொல்கிற நோய்க்கு நாமே செலவு பண்ணி வீடு கட்டிக் கொடுத்த மாதிரிதான் அது.

இதற்கு நேர் எதிரான தப்பும் நம் வீடுகளில் நடக்கிறது. ஹாலில் ஒரு கட்டிலைப் போட்டு, போகிறவர் வருகிறவர் எல்லாம் "மாத்திரை போட்டியா? தூங்கினியா? ஏன் ஒரு மாதிரி இருக்கே?" என்று கேட்டுக்கொண்டே இருப்பது. லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியல் அறிஞர், ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவர்களை 1950களிலிருந்து பல வருஷம் தன் குழுவோடு ஆராய்ந்தார். குத்திக் காட்டுகிற வீடு, வெறுப்பைக் கொட்டுகிற வீடு, அளவுக்கு மீறிப் பொத்திப் பொத்திப் பார்க்கிற வீடு, இந்த மூன்றிலும் நோய் திரும்புவது அதிகமாக இருந்தது. அந்த வீடுகளிலும் வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு இருந்தவர்களுக்குத்தான் பாதிப்பு இன்னும் அதிகம். அன்பு இல்லாத பெற்றோர் என்று இதற்கு அர்த்தமில்லை. பயத்தில்தான் முக்கால்வாசிப் பேர் நச்சரிக்கிறார்கள்.

ஆக, தள்ளியும் வைக்கக் கூடாது, எதிரிலேயே உட்கார்ந்து கண்காணிக்கவும் கூடாது. அப்படி ஒரு இடம் வீட்டில் எங்கே இருக்கிறது? நம் தாத்தா பாட்டி கட்டின வீட்டில் இருந்தது. திண்ணை.

என் அக்கா மகள் 20 வயதில் எங்களோடு இருக்க வந்தாள். நான்கு வருஷம் இருந்தாள். அவளிடம் கேட்டு, "எழுதுங்க சித்தி" என்று அவள் சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன். அப்போது நாங்கள் இருந்தது மாசி வீதிக்குப் பின்னால் ஒரு பழைய வாடகை வீடு. ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக அறைகள், நடுவில் சின்ன முற்றம், வாசலில் திண்ணை. கடைசி அறைதான் அமைதியாக இருக்கும், அங்கே விடு என்று எல்லோரும் சொன்னார்கள். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. பகலிலும் லைட் போட வேண்டும். டீச்சர் டிரெய்னிங்கில் எங்களுக்குச் சொல்லித் தந்த முதல் பாடங்களில் ஒன்று, வகுப்பறையில் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வர வேண்டும் என்பது. பிள்ளை படிக்கவே வெளிச்சம் வேண்டுமென்றால் பிழைக்க வேண்டாமா? முற்றத்தை ஒட்டிய அறையைக் கொடுத்தோம். கதவு உண்டு. சாத்திக்கொள்ளலாம். திறந்தால் அடுப்படிக்குப் போகிறவர்கள் தெரிவார்கள், அவர்கள் நின்று பேச வேண்டிய அவசியமில்லை.

சாயங்காலம் நான் திண்ணையில் மல்லிகை கட்டுவேன். அவள் வந்து பக்கத்தில் உட்காருவாள். எதிரில் இல்லை, பக்கத்தில். இரண்டு பேருக்கும் முகம் தெருவைப் பார்த்து இருக்கும். முதல் இரண்டு மாதம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பிறகு ஒருநாள் நூலை எடுத்து அவளே நாலு கண்ணி கட்டினாள். இப்போது வேலைக்குப் போகிறாள், மாத்திரையும் சாப்பிடுகிறாள். திண்ணையால் குணமாகிவிட்டாள் என்று சொல்ல வரவில்லை. மருந்துதான் குணப்படுத்தியது, திண்ணை அவளை வீட்டை விட்டும் தெருவை விட்டும் போகாமல் பிடித்து வைத்திருந்தது. (இப்போது வீடுகளில் திண்ணை இருந்த இடத்தில் பைக் நிற்கிறது. பைக்கில் வெயில் படக் கூடாதாம்.)

திண்ணை இல்லாத வீடுகளுக்கு வாசல் கிரில்லுக்கு உள்ளே ஒரு பெஞ்ச் போதும். சுவரோரமாக, தெருவைப் பார்த்துப் போடுங்கள். எதிரில் நாற்காலி போடாதீர்கள்.

அறைக்குள் என்ன வைப்பது என்று கேட்டார். கனடாவில் கியோ இசுமி என்று ஒரு கட்டடக் கலைஞர் இருந்தார். 1950களில் மனநல ஆஸ்பத்திரி வடிவமைப்பது பற்றி யோசிக்கும்போது, நோயாளியின் கண்ணுக்குக் கட்டடம் எப்படித் தெரியும் என்று அறிய, ஆஸ்மண்ட் என்ற மனநல மருத்துவரின் ஆராய்ச்சியோடு சேர்ந்து எல்.எஸ்.டி. என்ற மருந்தைத் தானே சாப்பிட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குள் நடந்தார். நாம் அந்த அளவுக்கெல்லாம் போக வேண்டாம்! ஆனால் அவர் கண்டது நமக்கும் உதவும். பளபளக்கிற டைல்ஸ் மிரட்டியது. இருட்டான அலமாரி வாயைப் பிளந்த குகை மாதிரி இருந்தது. முடிவில்லாத நீள நடை பயமுறுத்தியது. கடிகாரமும் காலண்டரும் இல்லாததால் பொழுது எங்கே நிற்கிறது என்றே தெரியவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது, ஏனென்றால் அக்கா மகளும் கண்ணாடி பீரோவைத்தான் முதலில் வெளியே எடுக்கச் சொன்னாள். ராத்திரி அதில் தன் உருவம் அசைவது வேறு யாரோ மாதிரி தெரிந்ததாம். துணி போட்டு மூடாமல் வெளியே எடுத்தோம். சுவரில் பெரிய எண் போட்ட கடிகாரமும் தினசரி காலண்டரும் மாட்டினோம். தாள் கிழிப்பது அவள் வேலை. சில நாள் மூன்று தாள் சேர்ந்து கிழியும், நான் ஒன்றும் கேட்க மாட்டேன். பாத்ரூம் போகும் வழியில் ராத்திரி ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு. காதில் குரல் கேட்கிறவர்களுக்கு முழு நிசப்தம் சில சமயம் கஷ்டம். சன்னமாக ரேடியோ ஓடினால் பலருக்குத் தேவலை. டிவி மட்டும் ஹாலை விட்டு உள்ளே போகட்டும். ராத்திரி 9 மணிக்கு நாலு பேர் கத்துகிற விவாதம் நல்லா இருக்கிறவர்களுக்கே ஆகாது. யாரோ தன்னைக் கவனிக்கிறார்கள் என்று பயப்படுகிற பிள்ளையின் அறையில் பாதுகாப்புக்கென்று கேமரா மாட்டுவதைப் போல் முட்டாள்தனம் இல்லை.

அறையை அவனையே கேட்டுச் செய்யுங்கள். பெயிண்ட் எந்தக் கலர், கட்டில் எந்தப் பக்கம் என்று. 22 வயது ஆணுக்குக் கார்ட்டூன் போர்வை வாங்கிப் போட்ட வீட்டைப் பார்த்திருக்கிறேன்.

தாழ்ப்பாள் விஷயம் முக்கியம். அவன் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கட்டும், அவசரத்துக்கு வெளியிலிருந்தும் திறக்கிற மாதிரி பூட்டாகப் பாருங்கள். பாத்ரூமுக்கும் அப்படியே. வெளிப்பக்கம் கொண்டி போடவே கூடாது. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று விடியற்காலையில் ஒரு மனநலக் காப்பகத்தின் ஓலைக் கொட்டகை பற்றிக்கொண்டது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அவர்களைக் கொண்டுபோய் விட்டதும் பெற்றவர்களும் கூடப் பிறந்தவர்களும்தான், குணமாகும் என்ற நம்பிக்கையில். 2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் எந்த வடிவத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. மாடி ரூமின் வெளிக் கொண்டியும் என் கணக்கில் சங்கிலிதான்.

ஜன்னல் கம்பிக்கு மட்டும் நம் ஊரில் கூச்சப்பட வேண்டாம். இங்கிலாந்தில் யார்க் நகரத்தில் 1796-ல் வில்லியம் டியூக் என்பவர் திறந்த மனநல இல்லத்தில், ஜன்னலின் இரும்புச் சட்டத்தை மரச்சட்டம் மாதிரி தெரியச் செய்தார்கள். ஜெயில் நினைப்பு வரக் கூடாதென்று. மதுரையில் எல்லா வீட்டிலும் கிரில் இருக்கிறது. தங்கை அறையில் இருக்கிற அதே கிரில் அவன் அறையிலும் இருந்தால் போதும்.

உயிருக்கு ஆபத்தான யோசனைகள் வருகிற பிள்ளையாக இருந்தால் அறையில் என்ன இருக்கலாம், என்ன கூடாது என்று டாக்டரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். கேட்டால் நினைப்பு வந்துவிடும் என்பது தவறு. மாத்திரை மொத்தமும் பெரியவர் ஒருவரிடம் பூட்டி இருக்கட்டும். மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் விவசாயம் செய்கிற என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பூச்சிமருந்து டப்பா வீட்டுக்குள்ளேயே இருக்கக் கூடாது. பம்ப் செட்டில் வைத்தாலும் பூட்டித்தான் வைக்க வேண்டும்.

வீட்டில் முடியவே முடியாத நிலையும் வரும். சென்னையில் 1993-ல் தொடங்கிய பேன்யன் அமைப்பு, 2015 முதல் 'ஹோம் அகெய்ன்' என்று ஒன்று நடத்துகிறது. வருஷக்கணக்கில் காப்பகத்தில் இருந்தவர்கள் நாலைந்து பேராகச் சாதாரணத் தெருவில் வாடகை வீட்டில் சேர்ந்து இருக்கிறார்கள். துணைக்குப் பணியாளர் உண்டு. சமைக்கிறார்கள், கடைக்குப் போகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட வழிகாட்டியில் இதை நல்ல உதாரணமாகக் காட்டியிருக்கிறது. நம் மதுரையிலும் டாக்டர் சி. ராமசுப்பிரமணியன் 1992-ல் தொடங்கிய எம்.எஸ்.செல்லமுத்து அறக்கட்டளை மறுவாழ்வுப் பணி செய்கிறது. பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. அவசரத்துக்கு டெலி மானஸ் எண் 14416, காசு கிடையாது, தமிழில் பேசலாம்.

கடைசியாகத் தங்கைக்கு வரன் பார்க்கிற விஷயம். வருகிற சம்பந்தி எப்போதாவது மொட்டை மாடிக்குத் துணி காயப்போட ஏறத்தான் போகிறார். அதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள். பையன் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து "வாங்க" என்று சொல்லட்டும். எழுந்து நின்று சொல்ல வேண்டும் என்றுகூட அவனை வற்புறுத்த வேண்டாம்.

மேஸ்திரியிடம் அந்தப் பணத்தில் வேறு என்ன செய்யலாம் என்று அடுத்து கேட்டார். தட்டோடு பதித்து மாடி முழுக்க வெள்ளை அடியுங்கள், கீழே எல்லா அறையும் குளிரும் என்றேன்.